இரும்பு வாணலியா, மூன்றடுக்கு ட்ரைப்ளையா: எதற்குக் காசு கொடுக்கலாம்?

வாணலியை வாங்குமுன் தராசில் வைத்துப் பாருங்கள். 10 அங்குல இரும்பு வாணலி ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் தகடு சுமார் 2 மி.மீ. கனம், தயங்காமல் எடுக்கலாம். அரை கிலோதான் என்றால் 1 மி.மீ. அதில் தீ படும் இடத்தில் கத்தரிக்காய் கருகும், ஓரத்தில் பச்சையாகக் கிடக்கும். நாளடைவில் அடி உப்பி, அடுப்பில் ஆடவும் செய்யும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பாத்திரக் கடைகளில் கனமான வாணலி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வதக்கல், வறுவலுக்கு அது தாராளம்.

வாழைக்காய் வறுவலிலும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டிலும் இதன் அருமை தெரியும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், காய் விழுந்ததும் ஆறிவிடாது. போட்டவுடன் கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் சிவந்து தானே அடியை விடும். அரிசி உப்புமாவின் காந்தலும் இதில்தான் ருசி.

ஆனால் புதுச் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றக்கூடாது. தேங்காய் நாரும் சோப்பும் போட்டு வெந்நீரில் தேய்த்தால் மெஷின் எண்ணெய் போகும். பிறகு மூன்று நாள், தினமும் புதிதாக வடித்த கஞ்சியை ஊற்றிவைத்து, மறுநாள் கழுவுங்கள். ஈரம் போகச் சூடாக்கி, அரை டீஸ்பூன் கடலை எண்ணெய் தடவி, எண்ணெயே இல்லை என்று தோன்றுமளவு துணியால் துடைத்து, புகை வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். இப்படி எண்ணெய் தடவிக் காய்ச்சுவதை நான்கு முறை செய்தால், எண்ணெய் இறுகிப் படலமாகும். எண்ணெய் கூடினால் படலம் பிசுபிசுக்கும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது, படலமாக இறுகாது.

வத்தக்குழம்பு, புளி உப்புமாவை இரும்பில் செய்யாதீர்கள். புளி அந்தப் படலத்தைத் தின்றுவிடும், குழம்பில் இரும்பு வாடை ஏறும். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறியையே கறுப்பாக்கும். விலை கூடிய ட்ரைப்ளைக்குக் காசு கொடுக்கத் தகுந்த இடம் இதுதான். இரண்டு எஃகுத் தகட்டுக்கு நடுவே அலுமினியம் இருப்பதால் சூடு சமமாகப் பரவும், புளியும் ஒன்றும் செய்யாது. அலுமினியம் அடியில் மட்டுமா, விளிம்புவரையா என்று கேட்டு வாங்குங்கள். அடியில் மட்டும் என்றால் குழம்பு சுண்டும்போது பக்கவாட்டில் தீயும்.

விலை உயர்ந்த நான்ஸ்டிக் வாணலியை மட்டும் பரிந்துரைக்க மனமில்லை. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். காலியாகப் பெருந்தீயில் காய்ந்தால் சில நிமிடத்திலேயே அந்தச் சூடு வந்துவிடும். எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பூச்சு உரிந்தால் கதை முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரும்பு ஒரே ராத்திரியில் துருவேறும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் கழுவுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கழுவியதும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். துரு வந்துவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள்: கல்லுப்பு போட்டுத் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் காய்ச்சுவதை மறுபடி இரண்டு முறை செய்தால் போதும்.