பல துப்பாக்கிகளின் உறுப்புகளால் ஒரு ரூகர் ரிவால்வர்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடமுள்ள ரிவால்வர் இதே வடிவில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவந்ததில்லை. அதன் சட்டகம் .357 மேக்னம் தோட்டாவுக்கான ரூகர் நியூ மாடல் பிளாக்ஹாக்கினுடையது. பிடிச்சட்டம், சுத்தி, ட்ரிகர் ஆகிய மூன்றும் அதே நிறுவனத்தின் பிஸ்லி மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டவை. 4⅝ அங்குலக் குழல் இன்னொரு பிளாக்ஹாக்கிலிருந்து கழற்றப்பட்டது. வெற்றுக்கூடுகளைத் தள்ளும் கம்பியின் எஃகு உறை வேறொன்றிலிருந்து வந்தது. இவற்றோடு, தோட்டாக்களை ஏந்திச் சுழலும் சிலிண்டர் 9 மி.மீ. தோட்டாவுக்காகக் கூடுதலாக ஒன்றும் உண்டு. அரிசோனாவில் பீனிக்ஸ் நகருக்கு அருகே வசிக்கும் நான் 2014இல் தொடங்கிய இந்த வேலை 2016இல்தான் ஒரு நிலைக்கு வந்தது. அன்று முதல் ஒன்பது ஆண்டுகளில், என் குறிப்பேட்டின்படி, பதினோராயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தோட்டாக்களை இதில் சுட்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தொடர் எண் பொறித்த சட்டகமே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. ஆகவே அடிப்படைத் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடம், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகு வாங்கினேன். குழல், பிடி, சுத்தி போன்றவை சாதாரண உதிரிப் பொருள்களாகத் தபாலில் வந்து சேர்ந்தன. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் இதை அங்கே செய்யத்தக்க வேலையாக எண்ண வேண்டாம்; 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குழலைக் குறுக்குவதற்கே உரிமம் வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் பிடியின் வடிவம்தான். பழைய கோல்ட் ரிவால்வர்களின் வழியில் வந்த சாதாரணப் பிளாக்ஹாக்கின் பிடி, கலப்பையின் மேழியைப் போல வளைந்திருக்கும். சுடும்போது எழும் உதையில் அது உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும். மென்மையான தோட்டாக்களுக்கு அது இதமாகவே இருக்கும், ஆனால் முழு வலிமை கொண்ட மேக்னம் தோட்டாக்களைச் சுடும்போது ஒவ்வொரு முறையும் கை இடம் மாறி, அடுத்த சூட்டுக்கு முன் பிடியை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிஸ்லி பிடி மேலே உயர்ந்து, கீழே நேராக இறங்குவதால் உதை நேர்ப்பின்னாகக் கைக்குள் வருகிறது. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் உள்ள பிஸ்லி சுடுகளத்தின் பெயரை 1890களில் கோல்ட் நிறுவனம் தன் போட்டி ரிவால்வர் ஒன்றுக்கு இட்டது. ரூகர் நிறுவனம் 1980களின் நடுவில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாலும், அதன் பிடி அந்தப் பழைய கோல்ட்டைவிட அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் 1920களின் இறுதியில் செய்வித்த ஐந்தாம் எண் ரிவால்வரின் பிடிக்கே நெருக்கமானது என்று சுடுவோர் பொதுவாகச் சொல்வார்கள். கீத்தின் அந்தத் துப்பாக்கியும் கலப்பில் பிறந்ததுதான்: கோல்ட் பிஸ்லியின் முதுகுப்பட்டையையும் சாதாரண சிங்கிள் ஆக்ஷனின் (ஒவ்வொரு சூட்டுக்கும் சுத்தியைக் கையால் பின்னிழுக்க வேண்டிய ரிவால்வரின்) முன்பட்டையையும் இணைத்துத்தான் அதன் பிடி உருவானது. சில தலைமுறைகளுக்கு முன்பே வேறு வேறு மாதிரிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கு வேண்டிய துப்பாக்கியை அடைந்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

ஆனால், ஒரே நிறுவனம், ஒரே குடும்பம், ஒரே அளவுச் சட்டகம் என்பதால் உறுப்புகள் தாமாகவே பொருந்திவிடும் என்று நான் நம்பியது தவறு. ரூகர் தன் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்களில் பிடிச்சட்டத்தைச் சட்டகத்தோடு திருகிய பிறகு இரண்டையும் சேர்த்தே தேய்த்து மெருகேற்றுகிறது. அதனால் ஒவ்வொரு பிடிச்சட்டமும் தன் சட்டகத்துக்கு மட்டுமே விளிம்பு பிசகாமல் பொருந்தும். வேறொரு துப்பாக்கியின் பிஸ்லி பிடியை என் சட்டகத்தில் பூட்டியபோது, சுத்திக்கு இருபுறமும் நிற்கும் காதுகள் இடப்பக்கம் சட்டகத்துக்கு வெளியே துருத்திக்கொண்டும் வலப்பக்கம் உள்ளே தாழ்ந்தும் நின்றன. கண்ணால் பார்த்தால் மயிரிழை அளவுதான். விரல் நுனியால் தடவினால் கத்தியின் முனை தட்டுப்படும். அந்த நிலையிலேயே ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கலாம் என்று அவசரப்பட்டேன். இருபதாவது சூட்டுக்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் கிழிந்து, பிடியின் மரத்தில் இரத்தம் படிந்தது.

அதன் பிறகு ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் ஒப்படைத்தேன். அவர் பிடியையும் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டி, இரண்டு உலோகங்களும் ஒரே பரப்பாகும்வரை கையால் அராவினார். அந்த வேலையில் பழைய நீலப்பூச்சு போய்விட்டதால் முழுவதற்கும் மறுபடி பூச்சு இட வேண்டியதாயிற்று. ரூகரின் சட்டகங்கள் வார்ப்பு எஃகால் ஆனவை என்பதால், சில வேளைகளில் அவற்றின் மேல் நீலம் சரியாகப் படியாது. என் சட்டகம் இப்போது நல்ல வெயிலில் கத்தரிக்காய்த் தோலின் நிறமாகத் தெரிகிறது, பிடியோ ஆழ்ந்த கருநீலம். இதைக் குறையாக நான் கருதவில்லை. இரண்டும் வேறு வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவை என்பதற்கு அது சாட்சி.

அடுத்து வந்த சிக்கல் இதைவிட நுட்பமானது, என்னை அதிகம் கவலைப்பட வைத்ததும் அதுதான். 1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்ஷன்களில் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்றறையின் மேல் சுத்தியை இறக்கி வைப்பதே பாதுகாப்பு. 1973இல் வந்த நியூ மாடலில் டிரான்ஸ்ஃபர் பார் என்னும் சிறு தகடு சேர்க்கப்பட்டது. சுத்தியின் முகத்தில் ஒரு படி வெட்டப்பட்டிருப்பதால் அது தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் அடியூசியை நேராகத் தொடாது. ட்ரிகரை முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் இந்தத் தகடு மேலெழுந்து சுத்திக்கும் அடியூசிக்கும் நடுவே நின்று அடியைக் கடத்தும். துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தாலும் சுடாமல் இருப்பது இந்தத் தகட்டால்தான். இதற்கான இடைவெளி மிகவும் குறுகலானது. தகடு மெலிந்திருந்தால் அடி முழுமையாகப் போய்ச் சேராது, தடித்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் நசுங்கி நாளடைவில் உடையும்.

பழைய சுத்தியோடு நன்றாக வேலை செய்த என் டிரான்ஸ்ஃபர் பார், பிஸ்லி சுத்தியோடு சேர்ந்தபோது போதாமல் போனது. நூறு தோட்டாக்களில் மூன்று நான்கு வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் அடிபட்டுப் பற்றிக்கொள்ளும் பிரைமரைப் பார்த்தால் ஆழமில்லாத ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. முதலில் சுருள்வில்லின் மேல் சந்தேகப்பட்டு, ட்ரிகர் இழுவை இலேசாக இருக்கட்டும் என்று முன்பு நானே மாற்றியிருந்த மென்மையான சுத்திவில்லை எடுத்துவிட்டுத் தொழிற்சாலை வில்லை மீண்டும் பொருத்தினேன். தவறுதல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கம்மியர் ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி சுத்தியை இறக்கி, தகடு இரண்டு பக்கமும் இலேசாகக் கவ்வப்படுகிறதா என்று பார்த்தார். கவ்வல் அறவே இல்லை. வேறொரு தகட்டைத் தேர்ந்து பொருத்திய பிறகு, இன்றுவரை ஒரு தோட்டாகூட அந்தக் காரணத்தால் தவறவில்லை. சுத்தியும் தகடும் தனித்தனியே பழுதற்றவை. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் பழுது இருந்தது. இத்தகைய உறுப்புகளைப் பொருத்தும் வேலையைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

குழலை மாற்றியதில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்த வேலையை முதலில் செய்தவர் வேறொருவர். குழல் மரையில் இறுகி நிற்கும்போது, குறிபார்க்க அதன் முனையில் உள்ள முன்குறி செங்குத்தாக நிற்க வேண்டும், என்னுடையது வலப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. பின்குறியை எவ்வளவு திருகினாலும் குண்டுகள் இலக்கின் இடப்பக்கமே விழுந்தன. என் பழக்கக் குறைதான் என்று எண்ணி ட்ரிகர் இழுக்கும் முறையை மாற்றிப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் துப்பாக்கியைக் காலி செய்து, பின்னாலிருந்து ஓர் எஃகு அளவுகோலைச் சட்டகத்தின் மேற்பரப்பில் வைத்துப் பார்த்தபோது சாய்வு தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது கம்மியர் குழலைச் செங்குத்தாக்கி, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியை 0.005 அங்குலத்தில் நிறுத்திக் கொடுத்தார்.

9 மி.மீ. சிலிண்டரின் கதையும் இதைப் போன்றதே. தொழிற்சாலை இரண்டு சிலிண்டர்களோடு விற்கும் ரிவால்வர்களில், கூடுதல் சிலிண்டர் எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று காட்ட அதன் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை அதன் முகத்தில் கீறி வைப்பார்கள். நான் தனியாக வாங்கிய சிலிண்டரில் இருந்த மூன்று எண்கள் எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் துப்பாக்கியுடையவை. குளிர்ந்திருக்கும்போது அது சுகமாகச் சுழன்றது. முப்பது சூடுகளுக்குப் பிறகு சூடேறி, குழலின் பின்முனையில் உராய்ந்து கட்டைவிரலுக்குக் கனத்தது. குழல் முனையை இழைத்தால் இது உடனே தீர்ந்துவிடும், ஆனால் .357 சிலிண்டரின் இடைவெளி அதே அளவுக்கு அதிகமாகிவிடும். ஆகையால் சிலிண்டரின் முகத்திலிருந்து மட்டும் மிகச் சிறிதளவு உலோகத்தை எடுக்கச் சொன்னேன். இரண்டு சிலிண்டர்களை வைத்துக்கொள்ள விரும்புவோர் இந்த முடிவைத் தம் கம்மியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இந்தத் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று கேட்பவர்களுக்கு: மணல்மூட்டையில் தாங்கி, இருபத்தைந்து கெஜத்தில், 158 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டுகளோடு .357 ஏறத்தாழ இரண்டு அங்குல வட்டத்துக்குள் அடங்குகிறது. 9 மி.மீ. குண்டுகளின் விட்டம் சற்றுக் குறைவு என்பதால் அதே குழலில் மூன்றரை அங்குலம் வரை பரவுகிறது. மலிவான பயிற்சித் தோட்டாக்களுக்கு அது எனக்குப் போதும். முழு மேக்னம் தோட்டாக்களை ஐம்பது சுட்ட பிறகும் கை வலிப்பதில்லை, பிடியை ஒவ்வொரு சூட்டுக்கும் திருத்த வேண்டியதுமில்லை. எதற்காக இந்த வேலையில் இறங்கினேனோ அது முழுமையாகக் கைகூடியிருக்கிறது. ஆனால் பிஸ்லி பிடி சற்று நீளமானது. சிறிய கை கொண்ட என் நண்பர் ஒருவருக்கு ட்ரிகர் எட்டாமல் போகவே, அவர் பழைய மேழிப் பிடியையே விரும்பினார். ஆகவே பிறர் சொல்லைக் கேட்டு வாங்காமல் ஒரு முறை கையில் எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

பராமரிப்பில் குறிப்பிட வேண்டியவை அதிகமில்லை. பிடிச்சட்டத்தைப் பிணைக்கும் ஐந்து திருகுகளும் முதல் ஆண்டில் அடிக்கடி தளர்ந்தன, மரைப்பசை இட்ட பிறகு அப்படியே நிற்கின்றன. பழைய சட்டகத்தோடு வந்த சிலிண்டர் அச்சைப் பிடிக்கும் தாழ்ப்பாளின் வில் தேய்ந்திருந்ததால் கனமான தோட்டாக்களின் உதையில் அச்சு முன்னோக்கி நழுவியது. புதிய வில்லோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. அரிசோனாவின் வறண்ட காற்றில் வால்நட் மரப் பிடிகள் சுருங்கி, பட்டைக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி விழுந்துவிட்டது. அதை இன்னும் சரிசெய்யவில்லை.

செலவைப் பற்றி மறைக்க வேண்டியதில்லை. அடிப்படைத் துப்பாக்கி, உதிரி உறுப்புகள், இரண்டு கம்மியர்களின் கூலி, மறுபூச்சு ஆகியவற்றைக் கூட்டினால், கடையில் கிடைக்கும் புதிய பிஸ்லியின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. அதில் உறுப்புகளுக்குப் போனது பாதிக்கும் குறைவு. பெரும்பகுதி அவற்றை ஒன்றோடொன்று பொருத்தியதற்கே போனது. தொழிற்சாலைப் பிஸ்லியின் வழக்கமான 7½ அங்குலக் குழல் உங்களுக்கு உகந்தது என்றால் அதையே வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இடுப்பு உறையில் நாள் முழுவதும் சுமந்து நடக்கக் குட்டைக் குழல் வேண்டும், அதோடு இந்தப் பிடியும் வேண்டும் என்பவருக்கு இந்த வழி தகும்.

கழற்றிய அலுமினியப் பிடிச்சட்டம், பழைய சுத்தி, ட்ரிகர், 6½ அங்குலக் குழல் ஆகியவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெயர் எழுதிய பெட்டியில் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சிலிண்டர் இடைவெளியை அளந்தபோது 0.006 அங்குலம் காட்டியது. சிலிண்டரின் பூட்டுப் பள்ளங்களின் ஓரத்தில் மெல்லிய தேய்மானம் தென்படத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஆயிரம் தோட்டாக்கள் ஆனதும் மீண்டும் அளந்து, கம்மியரிடம் காட்டுவேன்.