ஜோப் 4 மதிப்புரை: பைதான் 3-க்குப் போகும் பழைய தளங்களுக்கு

ஜோப் என்பது பைதான் மொழியில் எழுதிய வலைத்தள ஃபிரேம்வொர்க். அதன் 2.13 பதிப்பில் இன்னும் ஓடும் தளத்தை நேராக ஜோப் 5-க்கு ஏற்ற வழியில்லை. 2020-இல் வந்த 5, பைதான் 3-இல் மட்டுமே ஓடும். பைதான் 2.7, பைதான் 3 இரண்டிலும் ஓடுவது 2019-இல் வெளியான 4 மட்டும்தான். இந்த ஒரு தேவைக்காக அதை எடைபோட்டால், ஃபிரேம்வொர்க்கை மாற்றியவர்கள் தங்கள் பங்கை அருமையாகச் செய்திருக்கிறார்கள். டேட்டாபேஸை மாற்றும் வேலையில்தான் பெரும்பகுதி தளம் நடத்துபவர் தலையில் விழுகிறது.

ஜோப்பில் பிரவுசரிலேயே எழுதும் ஸ்கிரிப்டுகளை அத்துமீறாமல் காப்பது ரெஸ்ட்ரிக்டட்பைதான். அது பைதான் 2-இன் கம்பைலர் தொகுப்பை நம்பியிருந்தது. பைதான் 3-இல் அந்தத் தொகுப்பே கிடையாது. ஆகவே ரெஸ்ட்ரிக்டட்பைதானின் 4-ஆம் பதிப்பை, கோடின் அமைப்பை மரமாகப் பிரித்துக் காட்டும் ஏஎஸ்டி மாட்யூலின் மேல் புதிதாக எழுதினார்கள். பாதுகாப்பைத் தாங்கும் பகுதியை அடியோடு மாற்றியும் மேலே இருப்பவை நிலைகுலையாமல் நிற்பது பெரிய சாதனை.

முதலில் பைதான் 2.7-இலேயே ஜோப் 4-க்கு வந்துவிடுங்கள். டெம்ப்ளேட்டுகளை இப்போது கமீலியன் என்ற எஞ்சின் கையாள்கிறது. பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட சில தவறுகளை இது பொறுக்காது. அவற்றைத் திருத்தித் தளம் சீராக ஓடிய பிறகே பைதான் 3 பக்கம் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

கோடில், சத்தம் போடும் பிழைகளுக்குப் பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸை அறிவிக்கக் கிளாஸுக்குள் எழுதிய இம்ப்ளிமென்ட்ஸ் அழைப்பு பைதான் 3-இல் உடனே டைப்எரர் தரும். இம்ப்ளிமென்டர் டெக்கரேட்டராக மாற்றினால் போதும். ஆபத்து சத்தமில்லாதவற்றில். ஒரு ஆப்ஜெக்ட் உண்மையா பொய்யா என்று சொல்லும் நான்ஜீரோ மெத்தடைப் பூல் என்று பெயர் மாற்றாவிட்டால் அது அழைக்கப்படவே மாட்டாது. 7/2 என்பது 3-க்குப் பதில் 3.5 தரும், பக்க எண் கணக்கிடும் இடங்களைத் தேடிப் பாருங்கள். பைதான் ஸ்கிரிப்டுகள் டேட்டாபேஸுக்குள் இருப்பதால், பழைய கோடைப் பைதான் 3-க்கு மாற்றும் 2டு3 கருவியின் கண்ணில் படாது. பழைய பிரின்ட் வரி உள்ள ஸ்கிரிப்ட், யாராவது அதை அழைக்கும்போதுதான் விழும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கோப்புகளாக எடுத்துச் சோதியுங்கள். 2டு3 பைதான் 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது, அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும்.

இனி டேட்டாபேஸ். ஜோப்பின் டேட்டாபேஸான ஜோட்பி, தகவலை டேட்டா.எஃப்எஸ் என்ற கோப்பில் வைக்கிறது. பைதான் 2 எழுதிய அந்தக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எஃப்எஸ்21. பைதான் 3 எதிர்பார்ப்பது எஃப்எஸ்30. அதனால் தெரியாமல் திறந்து கெடுத்துவிட முடியாது, நல்ல ஏற்பாடு. மாற்றுவதற்கு ஜோட்பிஅப்டேட் கருவி. நகலில் மட்டும் ஓட்டுங்கள், பேக் செய்தே (பழைய பதிவுகளை நீக்கியே) ஓட்டுங்கள். பழைய அன்டூ வரலாறு போய்விடும், திரும்பி வரவும் வழியில்லை. பெரிய பைனரி தகவலைத் தனியே வைத்திருக்கும் பிளாப் கோப்புகளைத் தொட வேண்டாம்.

பைதான் 2-இல் ஸ்ட்ரிங் என்பது எழுத்தா பைட்டா என்று டேட்டாபேஸுக்கே தெரியாது. கோப்பு, படம் போன்ற ஜோப்பின் சொந்த கிளாஸ்களுக்கு எந்த ஆட்ரிபியூட் பைனரி என்ற விதிகள் கூடவே வருகின்றன. நீங்கள் எழுதிய கிளாஸ்களுக்கு நீங்கள்தான் தொகுப்பின் என்ட்ரி பாயின்ட்டில் அறிவிக்க வேண்டும்.

தமிழ் உள்ளடக்கம் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட். பைதான் 2 அதன் நீளத்தை 15 என்றும், பைதான் 3 அதை 5 என்றும் சொல்லும். தலைப்பை 50 பைட்டோடு வெட்டிச் சேமித்த பழைய கோடு, கடைசி எழுத்தை நடுவில் உடைத்திருக்கும். அப்படி உடைந்த ஸ்ட்ரிங் யூடிஎஃப்-8 ஆகப் பிரியாது. மாற்று என்கோடிங்காக லத்தீன்-1 கொடுக்கும் வசதி இருக்கிறது. தமிழுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். லத்தீன்-1 எந்தப் பைட்டையும் மறுக்காது என்பதால் ஓர் எழுத்துக்குப் பதில் தலைப்பு முழுவதுமே குப்பையாகிவிடும். உடைந்தவற்றைப் பைதான் 2.7-இல் இருக்கும்போதே தேடித் திருத்துங்கள்.

முடிந்ததும் ஜோட்பிவெரிஃபை ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெக்கார்டையும் அது ஏற்றிப் பார்க்கும். பிறகு தேடலுக்கான இன்டெக்ஸ்களை வைத்திருக்கும் கேட்டலாக்கை வெறுமையாக்கி மறுபடி கட்டுங்கள். நன் (மதிப்பே இல்லை என்பதைக் குறிப்பது) என்பதும் எண்ணும் கலந்த இன்டெக்ஸை வரிசைப்படுத்தப் பைதான் 3 மறுத்துவிடும்.

எஃப்டிபி வசதியும் தந்த பழைய வெப் சர்வரான ஜிசர்வர் பைதான் 2-ஐத் தாண்டி வரவில்லை, பைதான் 3-இல் அதன் இடத்தில் வெயிட்ரஸ்தான். எஃப்டிபி வழியாக டெம்ப்ளேட் திருத்திப் பழகிய குழுக்கள் வேறு வழியை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.