மாரியட் பான்வாய் ஹெச்டிஎஃப்சி கார்டு: அந்த ஓர் இரவுக்காக வாங்கலாம்

வருடக் கட்டணம் 3,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 3,540. அதைக் கட்டினால் மாரியட் குழும ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவு இலவசம். மாரியட் பான்வாய் ஹெச்டிஎஃப்சி கிரெடிட் கார்டைப் பற்றி ஆபீஸில் யார் கேட்டாலும் நான் சொல்வது இவ்வளவுதான். (பான்வாய் என்பது மாரியட்டின் பாயிண்ட் திட்டம்; சேரும் பாயிண்டைக் கொடுத்து அறை எடுக்கலாம்.) மற்றதெல்லாம் கொசுறு. அதில் சில உருப்படி, சில வெறும் பெயருக்கு.

2023 ஆகஸ்டில் வந்த கார்டு இது. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பெரிய ஹோட்டல் மோகமெல்லாம் கிடையாது. ஆனால் ஏழாயிரம், எட்டாயிரம் வாடகை போகும் அறை பாதி விலைக்கு வருகிறதென்றால் கணக்குப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது.

இலவச இரவு என்பது ரொக்கம் அல்ல, 15,000 பாயிண்ட் மதிப்புள்ள ஒரு சீட்டு. கட்டணம் கழிந்து, கார்டைப் பயன்படுத்திச் சில வாரங்களில் பான்வாய் கணக்கில் வந்து உட்காரும். அறைக்கு அன்றைக்கு 15,000 பாயிண்டோ அதற்குக் குறைவோ கேட்டால் அப்படியே போட்டுவிடலாம். கூடக் கேட்டால் நம்மிடம் இருக்கும் பாயிண்டைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று சொல்லும் பழைய பட்டியலை மாரியட் 2022-இல் தூக்கிவிட்டது. அதனால் ஒரே அறைக்கு செவ்வாய்க்கிழமை ஒரு பாயிண்ட் கணக்கு, சனிக்கிழமை வேறு கணக்கு. வார இறுதியில் சென்னை ஈசிஆர் பக்கம் கடற்கரை ரிசார்ட்டுகளில் தேடிப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை. நடுவாரம் லீவு போட முடிகிறவர்களுக்குத்தான் இந்தச் சீட்டு முழுசாக உதவும்.

என் முதல் சீட்டை மதுரையில் செலவழித்தேன், மாரியட்டின் கோர்ட்யார்ட் ஹோட்டலில். மீனாட்சி கோயிலுக்குப் போக வேண்டும் என்று அத்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறை இரண்டு பேருக்குத்தான், மூன்றாவது ஆளுக்குக் கட்டில் போட்டால் தனிக் காசு, அதை முன்கூட்டியே போனில் கேட்டு வைத்துக்கொண்டோம். செக்-இன்னில் ஆதாரும் கார்டும் கேட்டார்கள், உள்ளே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டால் கழித்துக்கொள்ள ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "காசு வாங்காம எதுக்குக் கண்ணு ரூம் குடுக்கறாங்க? பொறவு ஊட்டுக்கு பில் அனுப்புவாங்களா?" என்று காதில் கேட்டார். காலையில் பில் வந்தது. அறை வாடகை என்ற வரியில் பூஜ்யம், கூடுதல் கட்டில் மட்டும் இருந்தது. அத்தை அதை மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார், ஊரில் காட்டுவதற்கு.

காலை டிபன் இலவச இரவில் சேராது. பஃபேக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிவிட்டார். வெளியே போய் முருகன் இட்லிக் கடையில் நாலு சட்னியோடு சாப்பிட்டோம். மதுரைக்கு வந்து பஃபே இட்லி சாப்பிடுவதும் ஒரு பாவம்தான்.

இனி அந்த 'எலைட்' சமாச்சாரம். மாரியட்டில் தங்கும் இரவுகளை எண்ணி சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று அந்தஸ்து தருகிறார்கள், அப்படி எண்ணுவதுதான் எலைட் இரவு. கார்டோடு வருடத்துக்கு 10 எலைட் இரவுகள் கணக்கில் ஏறும், அதனால் சில்வர் எலைட் ஆகிவிடுவோம். கேட்கும்போது என்னவோ போல இருக்கிறது. கையில் வருவது என்ன? தங்கினால் 10 சதவீதம் கூடுதல் பாயிண்ட், அறை காலியாக இருந்தால் தாமதமாகக் கிளம்ப முன்னுரிமை. அவ்வளவுதான். ஒரு ஊரில் தாமதமாகக் காலி செய்யக் கேட்டபோது, "சில்வருக்கு இன்னிக்கு வாய்ப்பில்லைங்க மேடம்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். டிபன், லவுஞ்ச் எல்லாம் பிளாட்டினம் ஆட்களுக்கு, அதற்கு வருடத்துக்கு 50 இரவு வேண்டும். கோல்டுக்கு 25. கார்டு தரும் பத்தைக் கழித்தால் கோல்டுக்கு இன்னும் 15 இரவு. கம்பெனி செலவில் மாதம் முழுக்கச் சுற்றும் எங்கள் சேல்ஸ் ஆட்களுக்கு இது சுலபம், சீட்டில் தங்கும் இரவும் கணக்கில் சேரும். ஆனால் ஒன்று, மற்ற புக்கிங் தளங்கள் வழியாகப் போட்டால் ஒரு இரவும் ஏறாது. மாரியட்டின் சொந்த ஆப்பிலோ தளத்திலோ போட வேண்டும்.

அந்தஸ்து மேலேயே கண் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்டில் மாரியட் கோல்டும், இன்னொரு ஹோட்டல் குழுமமான ஹில்டனின் கோல்டும் சும்மாவே கொடுக்கிறார்கள். வருடக் கட்டணம் அறுபதாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு நான் அறையையே வாங்கித் தூங்கிவிடுவேன்.

சரி, தினசரிச் செலவுக்கு இந்தக் கார்டு எப்படி? சுமார். மாரியட்டில் 150 ரூபாய்க்கு 8 பாயிண்ட், பயணம், ஓட்டல் சாப்பாடு, பொழுதுபோக்குக்கு 4, மற்றதற்கு 2. ஒரு பாயிண்ட்டை நான் 60 காசு என்று வைத்துப் போடுகிறேன். அப்படியானால் மளிகைக்கு நூற்றுக்கு 80 காசு திரும்பி வருகிறது. சாதாரண கேஷ்பேக் கார்டே இதைவிட மேல். பெட்ரோல், வாடகை, வாலட்டில் ஏற்றுவது இவற்றுக்கு எதுவும் கிடையாது. இன்னொரு இடக்கு, இது விசா, மாஸ்டர்கார்டு அல்ல, அவை போன்ற டைனர்ஸ் கிளப் என்ற வேறொரு வலையில் ஓடும் கார்டு. யுபிஐயில் ரூபே கார்டை மட்டுமே இணைக்க முடியும், ஆக காய்கறிக் கடை, டீக்கடை க்யூஆர் எதிலும் இது வேலைக்கு ஆகாது. சின்ன ஊர் ஓட்டல்களில் மெஷினில் தேய்த்தால் ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

6 லட்சம், 9 லட்சம், 15 லட்சம் என்று செலவு எட்டும்போது ஒவ்வொன்றுக்கும் இன்னொரு இலவச இரவு தருகிறார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், மண்டபமும் நகையும் கார்டில் கட்ட முடிந்தால், யோசிக்கலாம். எங்கள் வீட்டுச் செலவுக்கு அந்த 6 லட்சமே எட்டாது, எட்டுவதற்காக வாங்காததை வாங்கப் போவதும் இல்லை. விமான நிலைய லவுஞ்ச் உள்நாட்டில் 12 முறை, வெளிநாட்டில் 12 முறை. வருடத்துக்கு ஓரிரு முறை பறக்கும் எங்களுக்கு அது ரொம்பத் தாராளம். வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம் மார்க்-அப், அதாவது வெளிநாட்டுப் பணத்துக்காகக் கூடுதல் கட்டணம், அதனால் சிங்கப்பூர், துபாய் போகும்போது இதை வீட்டில் வைத்துவிடலாம்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ஊர் போய்த் தங்குகிறவர்கள் எடுக்கலாம். சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்குவோம் என்பவர்களுக்கு 3,540 தண்டம். நான் புதுப்பிக்கிறேன். கட்டணம் கட்டியதும் அடுத்த இரவு வரும், அதற்கு ஒரு வருடம்தான் ஆயுள். பதிவு செய்வது மட்டும் போதாது, தங்கும் நாளும் அதற்குள் இருக்க வேண்டும். போனிலேயே நினைவூட்டல் வைத்துவிட்டேன். இந்த முறை கொச்சி, நடுவாரத்தில், டிபன் வெளியே.