வெளிநாட்டு மிஷன் பள்ளியில் விடுமுறை: இரண்டு வாரக் குழுவா, ஆறு வாரத் துணை ஆசிரியரா?

விடுமுறையில் வெளிநாட்டுப் பணித்தளம் ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நினைப்பவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். சபைக் குழுவோடு இரண்டு வாரம் போய் விடுமுறை வேதாகமப் பள்ளி (பிள்ளைகளுக்கு விடுமுறையில் பைபிள் கதையும் பாட்டும் சொல்லித்தரும் நிகழ்ச்சி) நடத்திவிட்டு வரலாம். இல்லையென்றால் மிஷன் பள்ளி ஒன்றில் ஆறு வாரம் தங்கி, அங்குள்ள ஆசிரியருக்குத் துணையாக வகுப்பெடுக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

குழுப் பயணத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் வேறொருவர் பார்த்துக்கொள்வார். பாட்டு, கதை, கைவேலை என்று நிகழ்ச்சியும் தயாராக இருக்கும். முதல்முறை போகிறவருக்கு இது தைரியம் தரும்.

ஆனால் நாள்களை எண்ணிப் பாருங்கள். 14 நாளில் பயணத்துக்கு 3, இரண்டு வார இறுதிகளுக்கு 4, உடம்பு தேற 1 போனால் வகுப்புக்கு மிஞ்சுவது 6 நாள். 42 நாளில் பயணம் 3, வார இறுதிகள் 12, ஓய்வு 1, பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்க 3 என்று கழித்தாலும் 23 நாள் கையில் இருக்கும். விமானக் கட்டணம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தேதி குறிக்கும் முன் அந்த நாட்டுப் பள்ளி நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். வேதாகமப் பள்ளிக்கு அவர்களுடைய விடுமுறை வேண்டும். துணை ஆசிரியருக்கு அவர்களுடைய பள்ளி நாட்கள் வேண்டும். கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் இடைவேளை விடுவார்கள். தாய்லாந்தில் மே நடுவில்தான் பள்ளி திறக்கும். ஏப்ரலில் மட்டுமே விடுப்பு கிடைக்கும் என்றால் இவ்விரண்டு நாடுகளிலும் குழுப் பயணமே பொருந்தும்.

என் தேர்வை முடிவு செய்தது ஒரே கேள்வி: நீங்கள் கிளம்பிய மறுநாள் காலை அந்த வகுப்பை யார், பாடநூலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பார்? வேதாகமப் பள்ளி தனி நிகழ்ச்சி என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. பள்ளி வகுப்பு அப்படியல்ல. வெளிநாட்டவர் வந்ததும் உள்ளூர் ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். நீங்கள் உற்சாகமாக நடத்தியது அவருக்குத் தெரியாது. அவர் விட்ட பாடம் அப்படியே நிற்கும். தேர்வு வரும்போது பிள்ளைகள்தான் தடுமாறுவார்கள்.

இதைத் தவிர்க்க, ஒப்புக்கொள்ளும் முன்பே 'உள்ளூர் ஆசிரியர் எல்லா நேரமும் வகுப்பில் இருப்பார்' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாடநூலின் படங்களையும், நீங்கள் இருக்கும் வாரங்களில் எந்தப் பக்கம் வரை போக வேண்டும் என்பதையும் கேளுங்கள். முதல் மூன்று நாள் வாயே திறக்காமல் கவனியுங்கள். பிறகு ஒரு பாடவேளையில் 15 நிமிடம் மட்டும் நீங்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில் முழுப் பாடவேளை. கடைசி இரண்டு வாரம் தலைகீழ்: அவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசைப் பிள்ளைகளோடு உட்காருங்கள். அவர் உங்கள் முறையை உங்கள் உதவி இல்லாமல் நான்கைந்து முறை செய்து பார்த்தால்தான் அது அங்கே தங்கும்.

கொண்டுபோகும் பொருள்களிலும் இதே கணக்குதான். லேமினேட் செய்த வண்ண அட்டைகள் தொலைந்தால் அங்கே மறுபடி கிடைக்காது. அறுபது பேர் வகுப்பில் "புரிந்ததா?" என்றால் அறுபது குரலும் "ஆம்" என்றே சொல்லும். அதற்குப் பதிலாக, ஆங்கில உச்சரிப்புப் பாடம் என்றால், ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, கரும்பலகையில் 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் ஆங்கிலத்தில் 1, 2 என்று எண்ணிட்டு எழுதுங்கள். ஒன்றை உச்சரித்து, எந்த எண் என்று எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாருக்குக் காதில் விழவில்லை என்பது பத்து நொடியில் தெரியும். தாளும் பென்சிலும் அந்த ஊரிலேயே கிடைக்கும்.

நான்கு வாரத்தில் இதெல்லாம் முடியுமா? சிறிய வகுப்பாக இருந்தால் முடியலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். எழுத்தே அறியாத மழலையர் வகுப்புக்கும் இந்தக் கணக்கு மாறக்கூடும்.

விசாவில் இரு வழிக்கும் ஒரே எச்சரிக்கை. சம்பளம் இல்லாவிட்டாலும் கற்பிப்பதை வேலையாகவே பல நாடுகள் பார்க்கின்றன. சுற்றுலா விசா போதும் என்று யாராவது சொன்னால் தூதரகத்தில் கேளுங்கள். நேபாளத்தில் மதம் மாற்றுவது 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அங்கே வகுப்பறையில் போதனையைக் கலந்தால் வழக்கு உங்கள் தலையிலும் அந்தப் பள்ளியின் தலையிலும் விழலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்டு 10 நாள் கழித்தே செல்லும். மலேரியாவுக்கு மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதினால், புறப்படும் முன் 2 நாள், தங்கும் 42 நாள், திரும்பிய பின் 28 நாள் என மொத்தம் 72 மாத்திரை வேண்டும். அதைச் சாப்பிடும்போது வெயில் தோலைச் சீக்கிரம் சுடும். திறந்தவெளியில் வகுப்பு என்றால் முழுக்கைச் சட்டை அவசியம்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அதைக் கேட்காமலே பிள்ளைகளோடு தங்க அனுமதிக்கும் விடுதியாக இருந்தால், குழுவோடானாலும் தனியாகவானாலும் அங்கே போக வேண்டாம்.