பழைய பேட்டரி ஃப்ளாஷ்: 600 ஒன்றா, 200 இரண்டா, குவாட்ராவா?

ஆடி பிறந்ததும் எங்கள் தொழிலில் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். முகூர்த்தம் இல்லாததால் கேமரா பை அலமாரிக்குப் போகும். கூடவே போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'லைட் கொடுக்கிறோம், வேணுங்கிறவங்க கூப்பிடுங்க' என்று படம் வரத் தொடங்கும். மார்கழியிலும் இப்படித்தான். பேட்டரியில் ஓடும் ஃப்ளாஷைப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. விற்பவருக்குக் காசு வேண்டும். நமக்கு ஆவணி வரைக்கும் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது.

நான் ஈரோடு, கோபி, காங்கேயம் பக்கம் கல்யாணம் எடுக்கிறேன். இடையில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் வேலை. இந்த இரண்டுக்குமாக ஏழெட்டு லைட்டுகளைப் பழையதாக வாங்கியிருக்கிறேன், சிலதை விற்றும் இருக்கிறேன். நம்ம பக்கம் அடிக்கடி விலைக்கு வருவது நாலு வகை. கோடாக்ஸ் ஏடி600, அதன் தம்பி ஏடி200, ஸ்டுடியோவை மூடுகிறவர்களிடமிருந்து வரும் எலின்க்ரோம் ரேஞ்சர் குவாட்ரா, அப்புறம் கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட். இதில் எதை எடுப்பது என்பதை வெறும் வாட் கணக்கை (சரியாகச் சொன்னால் வாட்-செகண்ட்) வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய லைட் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் பேட்டரிக்குத்தான். லைட்டின் உடம்பு பத்து வருசம் உழைக்கும், பேட்டரி உழைக்காது.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சில வருசத்துக்கு முன்னால் ஒருவரிடம் 600 வாட் லைட் ஒன்று வாங்கினேன். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பத்துத் தடவை அடித்துக் காட்டினார். பத்தும் பளிச்சென்று விழுந்தது. மேலே ஒரு கீறல் இல்லை, பெட்டிகூடப் புதுசாக இருந்தது. அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். இணைச்சீர் நடந்துகொண்டிருக்கிறது, நாற்பது ஃப்ளாஷ்தான் அடித்திருப்பேன், பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற சீர் அது. நம் லைட்டுக்காக, சீரை நடத்துகிற அருமைக்காரர் நிறுத்த மாட்டார், நிறுத்தச் சொல்லவும் கூடாது. மீதியை, கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டி, மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்து முடித்தேன். அந்தப் பக்கங்களை ஆல்பத்தில் பார்க்கும்போது இன்றைக்கும் மனசு வலிக்கிறது. பிறகு விசாரித்ததில், அந்த லைட் ஒரு வருசத்துக்கு மேல் சார்ஜ் போடாமல் கிடந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி காலியாகக் கிடந்தாலும் கெடும், மாதக்கணக்கில் முழு சார்ஜில் வெக்கையில் கிடந்தாலும் கெடும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். எவ்வளவு வெளிச்சம் தேவை என்று முதலில் தெரிய வேண்டும். நம்ம ஊர் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப்16, ஷட்டர் 1/125 செகண்ட் என்பது பழைய கணக்கு. பெரும்பாலான கேமராக்கள் 1/200 அல்லது 1/250 வரைதான் சாதாரணமாக ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். அதனால் எஃப்11, 1/250 என்று வைத்துக்கொண்டால், வெயிலுக்கு ஈடாக முகத்தில் வெளிச்சம் போட அந்த எஃப்11-க்கு உண்டான பவர் நம் லைட்டில் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் தென்னந்தோப்பு கலங்கித் தெரிய எஃப்2.8 வேண்டுமென்றால் ஷட்டர் 1/4000-க்குப் போகும். அங்கே எச்எஸ்எஸ் தேவை, அதாவது அந்த வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும் வசதி. எச்எஸ்எஸ் போட்டதும் ஃப்ளாஷின் பலம் இரண்டு ஸ்டாப்புக்குக் குறையாமல் இறங்கிவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி). 600 வாட் வாங்கி வைத்திருந்தாலும் கையில் நிற்பது 150 வாட் அளவுக்குத்தான். இதற்கு மாற்று, லென்ஸ் முன்னால் வெளிச்சத்தை நாலு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் (கருங்கண்ணாடி) போட்டு 1/250-லேயே எஃப்2.8-க்கு இறங்குவது. ஃப்ளாஷ் பலம் வீணாகாது. ஆனால் வ்யூஃபைண்டர் இருட்டாகும், ஃபோகஸ் கொஞ்சம் தடுமாறும். நான் பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது ஃபில்டர் வழியைத்தான் பிடிக்கிறேன்.

இந்தக் கணக்கில் ஏடி600 பெரியண்ணன். 2016-ல் வந்தது. புதுசாக இருக்கும்போது ஒரு சார்ஜில் முழு பவரில் 500 ஃப்ளாஷ், திரும்ப ரெடியாக 2.5 செகண்ட். அறுபது எழுபது பேர் நிற்கிற பங்காளிக் கூட்டத்தைப் பகல் பத்து மணிக்குக் கோயில் வாசலில் எடுக்க வேண்டுமென்றால் இதை விட்டால் வழியில்லை. வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். பி என்று இருந்தால் போவன்ஸ் மவுண்ட் என்ற பொதுவான வளையம், எந்தக் கடை சாஃப்ட்பாக்ஸும் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டும். எம் என்று இருந்தால் டிடிஎல் (கேமராவே அளந்து ஃப்ளாஷ் பவரை வைப்பது) கிடையாது, பவரை நாமேதான் வைக்க வேண்டும். ஏடி600பிஎம் என்ற மாடலைப் பலர் டிடிஎல் இல்லை என்று ஒதுக்குவார்கள். அதனால் விலை குறைந்து வரும். அதிலும் எச்எஸ்எஸ் உண்டு. லைட்டை ஸ்டாண்டில் வைத்து நிதானமாக எடுப்பவருக்கு டிடிஎல் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஏடி600ப்ரோ என்பது வேறு சாதி. 0.9 செகண்டில் ரெடியாகும், பேட்டரியும் வேறு. சாதா 600-ன் பேட்டரி அதில் சேராது, அதன் பேட்டரி இதில் சேராது.

600-ன் சங்கடம் எடை. பேட்டரியோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். அந்த எடை ஸ்டாண்டின் உச்சியில் நிற்கிறது, அதன் முன்னால் நாலடி சாஃப்ட்பாக்ஸ். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் என்ன வேகத்தில் அடிக்கும் என்று அங்கே நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள், சாஃப்ட்பாக்ஸ் எம்மாத்திரம்! மணல் மூட்டை இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு ஆள், இது இல்லாமல் வெட்டவெளியில் 600-ஐ நிறுத்தாதீர்கள்.

ஏடி200-க்கு வருவோம். நான் மனசார விரும்பி வைத்திருப்பது இதைத்தான், ஒன்றல்ல, இரண்டு. செங்கல் மாதிரி ஒரு பெட்டி, 200 வாட், முழு பவரில் 500 ஃப்ளாஷ், 2.1 செகண்ட். ஸ்பீட்லைட் மாதிரி ஒரு தலை, வெறும் பல்பாக ஒரு தலை, இரண்டும் சேர்ந்துதான் புதுசில் வரும். பழையது வாங்கும்போது இரண்டு தலையும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பல்பு தலையை வேலைக்குப் போகும் வழியில் உடைத்தவர்கள் நிறையப் பேர். 200-க்கும் 600-க்கும் இடையில் ஒன்றரை ஸ்டாப் சொச்சம் வித்தியாசம். இரண்டு 200-ஐ ஏடி-பி2 என்ற தாங்கியில் சேர்த்து ஒரே சாஃப்ட்பாக்ஸுக்குள் விட்டால் 400 வாட் ஆகிவிடும், 600-க்கு அரை ஸ்டாப் சொச்சம்தான் பாக்கி.

இரண்டு லைட் என்பதன் அருமை எனக்கு ஒரு வள்ளிக் கும்மி ஆட்டத்தில்தான் புரிந்தது. சென்னிமலைப் பக்கம் ஒரு ஊர், ராத்திரி எட்டு மணி, கோயில் முன்னால் களம். ஒரே நிறச் சேலையில் பெண்கள் வட்டம் கட்டி நிற்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு போக்கஸ் விளக்கு. ஒரு லைட்டை மட்டும் வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வெளுத்துப்போவார்கள், எதிர்ப்பக்கம் இருட்டு. ஒரு 200-ஐ எதிர்வீட்டு மொட்டை மாடிச் சுவரில் வைத்தேன். அந்த வீட்டு அம்மா, "ஏனுங்க தம்பி, கரண்டு வேணுங்களா?" என்று ஒயரோடு வந்துவிட்டார். "வேண்டாமுங்க, பேட்டரிதானுங்க" என்றேன். இன்னொன்றை எதிர் மூலையில், கூட வந்த பையன் மோனோபாட் குச்சியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். இரண்டும் கால் பவரில். கை தட்டும்போது விரல்கள் நடுங்காமல் விழுந்தன, ஏனென்றால் இந்த வகை லைட்டில் பவரைக் குறைக்கக் குறைக்க ஃப்ளாஷ் எரியும் நேரமும் சுருங்கும். முழு பவரில் 1/220 செகண்ட், ஆகக் குறைந்த பவரில் 1/13000. அடிக்கு அடி, தாளத்துக்குத் தாளம் ரெடியாகிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு 600-ஐ வைத்து இந்தப் படத்தை நான் எடுத்திருக்க முடியாது.

இன்னொரு வசதி, கேமரா மேல் மாட்டும் ஒரே ரேடியோ ட்ரிகரில் 200, 600, அதே கம்பெனியின் ரேடியோ உள்ள ஸ்பீட்லைட் எல்லாம் ஓடும். இன்றைக்கு ஒரு பழைய 200, அடுத்த தையில் இன்னொன்று, பிறகு ஒரு 600 என்று காசுக்கு ஏற்றபடி சேர்த்துக்கொண்டே போகலாம்.

எலின்க்ரோம் குவாட்ரா மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2009-ல் வந்த ஸ்விஸ் கம்பெனிச் சரக்கு, 400 வாட். பெட்டி தனி, தலை தனி, நடுவில் கேபிள். தலை கால் கிலோதான். கனமெல்லாம் கீழே பெட்டியில் இருப்பதால் அந்தப் பெட்டியையே ஸ்டாண்டின் காலில் மாட்டினால் மணல் மூட்டையே வேண்டாம். காற்றடிக்கும் ஊருக்கு இப்படி ஓர் அமைப்பு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். வெளிச்சத்தின் நிறமும் அடிக்கு அடி மாறாது. ஒரே பனியனை எட்டு நிறத்தில் எடுக்கும் கேட்டலாக் வேலையில் அது பெரிய உதவி.

ஆனால் முதலில் வந்த குவாட்ராவில் இருந்தது ஈயப் பேட்டரி. புதுசிலேயே முழு பவரில் 150 ஃப்ளாஷ்தான். பெட்டியும் பேட்டரியும் சேர்ந்து மூன்று கிலோ. பின்னால் லித்தியம் பேட்டரி வந்தது, எடை ஒரு கிலோ குறைந்தது, ஃப்ளாஷ் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இன்றைக்கு விலைக்கு வரும் ஈயப் பேட்டரிகள் வயசானவை. லித்தியம் பேட்டரியோடு கொடுத்தால் மட்டும் பேச்சை ஆரம்பியுங்கள். டிடிஎல் இல்லை, எச்எஸ்எஸ் இல்லை, ட்ரிகரும் தனி, அதையும் கேட்டு வாங்க வேண்டும். தலையின் மவுண்ட் சின்னது. பெரிய சாஃப்ட்பாக்ஸ் மாட்ட அடாப்டர் வேண்டும், அது தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டியிருக்கும். உள்ளரங்கு, கேட்டலாக், நிதானமான உருவப்படம், இதெல்லாம் எடுப்பவருக்கு இது நல்ல சொத்து. கல்யாணத்துக்கு ஓடுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ப்ரோஃபோட்டோ பி1 கோவைப் பக்கம் எப்போதாவது வரும். 2013-ல் வந்த அருமையான 500 வாட் லைட். பழைய பேட்டரியை மாற்றும் செலவில் நம் பட்ஜெட்டே முடிந்துவிடும் என்பதால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

ஸ்பீட்லைட் மூன்று சேர்ந்தால்தான் ஒரு 200-க்குப் பக்கத்தில் வரும். பென்சில் செல் போடும் வகை என்றால் பன்னிரண்டு செல்லை ராத்திரி உட்கார்ந்து சார்ஜ் போட வேண்டும். தாழ்ந்த வெள்ளை மேற்கூரை உள்ள வீட்டு விசேஷத்துக்குப் போதும். காங்கேயம் காளையை வெட்டவெளியில் எடுக்கப் போனால் போதாது. காளை என்றதும் ஒன்று: மாட்டுக்காரர் முதலில் கேட்பது, "மாடு மெரளாதுங்களா?" என்றுதான். ஆகக் குறைந்த பவரில், தூரத்திலிருந்து நாலைந்து தடவை அடித்துப் பழக்கிவிட்டு நெருங்குங்கள்.

இனி வாங்கும் நாள். முழு சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பேட்டரியைக் கழற்றிச் சமமான மேசையில் வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் அடிப்பக்கம் உப்பியிருக்கிறது, அப்படியே எழுந்து வந்துவிடலாம். மாதக்கணக்கில் அடிக்காத லைட் என்றால் எடுத்த எடுப்பில் முழு பவர் வேண்டாம். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் தூங்கிக் கிடக்கும். குறைந்த பவரில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு, மெல்ல ஏற்றுங்கள். அப்புறம் முழு பவரில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நாற்பது ஐம்பது தடவை, ஒவ்வொன்றையும் கேமராவில் படமாக எடுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். 2.5 செகண்டில் ரெடியாக வேண்டிய 600 ஐந்து செகண்ட் எடுத்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. ஐம்பது படத்தையும் ஒன்றாகப் பாருங்கள், வெளிச்சமோ நிறமோ ஏறி இறங்கினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் சூடாகி வேகம் குறைந்தால் பயப்பட வேண்டாம், வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். ட்ரிகரை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்துபோய் அங்கிருந்தும் அடித்துப் பாருங்கள். ட்யூபில் கருப்பு படிந்திருக்கிறதா, ஸ்டாண்டில் மாட்டும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, மவுண்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். 'திறந்து சரி பண்ணிக்கலாங்க' என்று யார் சொன்னாலும் நீங்கள் திறக்க வேண்டாம். அணைத்து வைத்த லைட்டுக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளைக் கொல்லும்.

விலை பேசும் முன், கடையில் கேட்டு அந்த மாடலின் புதுப் பேட்டரி என்ன விலை, கையில் இருப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தொகையை விற்பவர் சொல்லும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அவர் நிரூபித்தால் ஏற்றிக் கொடுக்கலாம், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் பேட்டரி மேல் மார்க்கரால் தேதியையும் அன்றைக்கு ஒரு சார்ஜில் அடித்த முழு பவர் ஃப்ளாஷ் எண்ணிக்கையையும் எழுதுங்கள். நான் என் இரண்டு 200-லும் ஒவ்வொரு ஆடிக்கும் இதைச் செய்கிறேன்: முதல் எண்ணிக்கையில் பாதிக்கு இறங்கிய பேட்டரி அதோடு வீட்டோடு நின்றுவிடும், முகூர்த்தத்துக்கு வராது.