எரிந்த கட்சி, எரியாத கட்சி: ஈ.சி.டபிள்யூவா, ரிங் ஒஃப் ஒனரா?

மாசியில் தோட்டத்துக் காமன் கம்பம் ஊன்றியவுடன் எங்கள் லயத்தில் இரண்டு வழக்குகள் கிளம்பும். ஒன்று பழைய லாவணி வழக்கு: சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? மற்றது எனக்கும் பெரியப்பா மகன் அண்ணனுக்கும் இடையில் இருபது வருடமாகத் தீராதது: பெரிய முதலாளிகளின் கைக்கு வெளியே நின்ற மல்யுத்தக் கம்பனிகளில் எது பெரியது? அண்ணன் ஈ.சி.டபிள்யூ பக்கம், அதாவது எரிந்த கட்சி. நான் ரிங் ஒஃப் ஒனர் பக்கம், எரியாத கட்சி.

இந்த வருடம் கூத்துப் பார்க்க மஸ்கெலியாவிலிருந்து வந்த தம்பி முறைப் பையன் ஒருவன் குறுக்கே புகுந்தான். இந்தக் கால மல்யுத்த நட்சத்திரங்களான ரோமன் ரெயின்ஸையும் சேத் ரொலின்ஸையும் கரைத்துக் குடித்தவன். "இரண்டையும் பார்க்க என்னிடம் டேட்டா இல்லை. ஒன்றைச் சொல்லுங்கள்" என்றான். நியாயமான கேள்விதான். அதற்கு இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்ன பதில் விடியும் வரை நீண்டது. அதைத்தான் சுருக்கி எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடையை அகற்றிவிடலாம். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட சண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் கூத்தை ஒருமுறை வந்து பார்க்கட்டும். மதன் எரியப்போகிறான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ரதி தலைவிரி கோலமாக அழத் தொடங்கினால் கூடவே அழாத பெண்ணை நான் எங்கள் தோட்டத்தில் கண்டதில்லை. வேஷம் கட்டியவன் பக்கத்து லயத்துப் பையன் என்பது அந்த அழுகையைக் குறைப்பதில்லை.

இரண்டு கம்பனிகளும் ஒரே ஊரில் பிறந்தவை. அமெரிக்காவின் பிலடெல்பியா. ஈ.சி.டபிள்யூவை 1992இல் டொட் கோர்டன் என்பவர் ஈஸ்டர்ன் சம்பியன்ஷிப் ரெஸ்லிங் என்ற பெயரில் தொடங்கினார். 1993 செப்டெம்பரில் கதை நடத்தும் பொறுப்பு போல் ஹேமனிடம் போனது. ஆம், ரோமன் ரெயின்ஸின் காதருகே நின்று ஓதிய அதே ஹேமன்தான். பையன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த வருடம் ஓகஸ்ட் 27. என்.டபிள்யூ.ஏ என்ற பழம்பெரும் சங்கத்தின் உலகப் பட்டத்தை ஷேன் டக்ளஸ் வென்றார். வென்றவர் அந்தப் பட்டியைத் தரையில் வீசி, செத்துப்போன ஒன்றின் பட்டம் எனக்கு வேண்டாம் என்று அறிவித்தார். சங்கத்துக்காரர்கள் வாயடைத்து நின்றார்கள். அதன் பிறகு கம்பனியின் பெயரில் இருந்த ஈஸ்டர்ன் என்ற சொல் எக்ஸ்ட்ரீம் ஆனது. எழுத்து மாறவில்லை, மூன்றும் அதே மூன்றுதான். குணம் தலைகீழாக மாறியது. அண்ணன் இந்த இடத்தில் எப்போதும் எழுந்து நின்றுகொண்டு பேசுவார்.

அவர்களுடைய அரங்கம் பிங்கோ விளையாடும் மண்டபம். ஆயிரத்துச் சொச்சம் பேர் மடக்கு நாற்காலிகளில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். மேசைமேல் பாய்ந்து உடைக்கும் சபு, சிகரெட்டும் பியரும் பிரம்புமாகக் கூட்டத்தின் நடுவே நடந்து வரும் சாண்ட்மேன், நெருப்பு, முள்வேலி, இரத்தம். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அங்கே கூட்டமும் ஒரு வேஷக்காரன். 1994 ஓகஸ்ட் 13ஆம் திகதி ஹார்ட்கோர் ஹெவன் நிகழ்ச்சியில் டெர்ரி ஃபங்க் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாற்காலி கேட்டார். ஒருவன் எறிந்தான். அடுத்தவனும் எறிந்தான். பிறகு மண்டபமே எறிந்தது. வளையத்துக்குள் கிடந்த பப்ளிக் எனிமி என்ற ஜோடி வீரர்கள் இருவரும் நாற்காலிக் குவியலுக்கு அடியில் காணாமல் போனார்கள். போதும், நிறுத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் கெஞ்ச வேண்டியதாயிற்று.

இதே கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1995 ஓகஸ்டில் எடி குரேரோவும் டீன் மலென்கோவும் பெரிய கம்பனி ஒன்றுக்குப் போகும் முன் கடைசியாக மோதினார்கள். குருதிக்குக் கத்துகிறவர்கள் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள், போகாதீர்கள் என்று ஒரே குரலில் கெஞ்சினார்கள். நுணுக்கமான பிடிகளையும் மெக்சிக்கோப் பாய்ச்சலையும் ரசிக்கத் தெரிந்த கூட்டம் அது. இரத்தத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஈ.சி.டபிள்யூவைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

இனி அண்ணன் விரைவாகக் கடந்துபோகும் பகுதி. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸின் ரிவியர் நகரில், வராத ஒருவருக்குப் பதிலாக வளையம் ஏற அனுமதிக்கப்பட்ட இளைஞனின் நெற்றியை நியூ ஜெக் என்ற வீரர் கிழித்தார். வெட்டு ஆழமாக இறங்கிவிட்டது. வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்த அவனுக்கு உண்மையில் 17. சான்று கேட்காமல் ஏற்றியவர்களின் பொறுப்பை எந்தக் கலை வாதமும் துடைக்காது. அதன் விளைவாகக் கட்டண ஒளிபரப்பு வாய்ப்பு ஒருமுறை கைநழுவி, மன்றாடிப் பெற வேண்டியதாயிற்று. கிடைத்த வாய்ப்பில் 1997 ஏப்ரல் 13 அன்று பெயர்லி லீகல் என்ற நிகழ்ச்சி நடந்தது. 52 வயது டெர்ரி ஃபங்க் பட்டம் வென்றார். ஒளிபரப்பு முடிந்தவுடனேயே மண்டபத்தின் மின்சாரம் போனது. மழைக்கு முன்பே கரன்ட் போகும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த அதிர்ஷ்டத்தின் அருமை புரியும்.

அழிவு தொலைக்காட்சி வழியாக வந்தது. 1999 ஓகஸ்டில் டி.என்.என் என்ற நாடளாவிய அலைவரிசையில் இடம் கிடைத்தது. அடுத்த வருடமே அந்த அலைவரிசை பெரிய கம்பனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப்பை அழைத்துக்கொண்டு, 2000 ஒக்டோபரில் இவர்களை இறக்கிவிட்டது. 2001 ஜனவரி 13, ஆர்கன்சாஸின் பைன் பிளஃப் என்ற ஊரில் கடைசி ஆட்டம். ஏப்ரலில் திவால் மனு. அதில் காட்டிய சொத்து சுமார் 14 இலட்சம் டொலர், கடன் 88 இலட்சத்துக்கும் மேல். கடன்காரர் பட்டியலில் மல்யுத்த வீரர்களும் இருந்தார்கள். மாதக் கணக்கில் சம்பளம் வராமலே அடிவாங்கி விழுந்தவர்கள்.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக் கணக்கில் கூட்டம் போட்டு, 2021இல்தான் அதை வர்த்தமானியில் கண்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். உழைத்தவனுக்குக் கூலி பாக்கி வைத்த கதையைக் கேட்டுவிட்டு, ஆனாலும் என்ன ஆவேசம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அண்ணனுக்கு எழுகிறது. கொடுப்பதற்கு இல்லாதவன் கொடுக்கவில்லை, இருந்தும் கொடுக்காதவனோடு அவனைச் சேர்க்காதே என்பது அவருடைய வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் எரிச்சல்.

ரிங் ஒஃப் ஒனர் அந்தச் சாம்பலிலிருந்து முளைத்தது. இது அலங்காரப் பேச்சு அல்ல, வியாபாரக் கணக்கு. ஈ.சி.டபிள்யூ நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து நாடா விற்று வாழ்ந்த ஆர்.எஃப் வீடியோ என்ற கடைக்கு, அது செத்ததும் விற்கச் சரக்கு இல்லை. எனவே தானே ஒரு மல்யுத்தக் கம்பனியைத் தொடங்கியது. கதை நடத்தும் பொறுப்பு ஹேமனிடம் தொழில் பழகிய கேப் சபோல்ஸ்கியிடம் வந்தது. 2002 பெப்ரவரி 23, பிலடெல்பியாவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. லோ கீ, கிறிஸ்டோபர் டானியல்ஸ், பிரயன் டானியல்சன் என்று மூன்று பேர் மோதிய இறுதிப் போட்டியில் லோ கீ வென்றார்.

விதி ஒன்று வைத்தார்கள். போட்டிக்கு முன்னும் பின்னும் கை குலுக்க வேண்டும். வெளியாள் குறுக்கிடக் கூடாது. நடுவர்மேல் கை வைக்கக் கூடாது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டி அறிவிப்பு மாதிரி இருக்கிறதே என்று அண்ணன் கிண்டல் செய்வார். ஆனால் விதி இருந்தால்தான் மீறல் கதையாகும். முதல் இரவிலேயே டானியல்ஸ் கை குலுக்க மறுத்தார். நாற்காலி மழையின் கீழ் கிடைக்காத கோபத்தை, நீட்டிய ஒரு கையைப் பிடிக்காமல் விட்டே உண்டாக்கினார்கள். கூத்தில் வாத்தியார் கண் அசைத்தால் போதும், நாங்கள் சிரிப்போம் அல்லவா? அந்தச் சிக்கனம்தான் இது.

கம்பனியைத் தொடங்கியவர் 2004இல் விலக நேர்ந்து அது ஆடியது. இன்னொரு நிறுவனம், தான் ஒப்பந்தம் செய்திருந்த டானியல்ஸ், ஏ.ஜே ஸ்டைல்ஸ் போன்றோரை விலக்கிக்கொண்டது. டிக்கெட் வியாபாரியான கேரி சில்கின் பொறுப்பை ஏற்றார். விழுந்திருக்க வேண்டிய அந்த வருடம்தான் அவர்களுடைய பொற்காலமாயிற்று. சமோவா ஜோ 645 நாட்கள் பட்டத்தைத் தூக்கித் திரிந்தார். ஜூனில் ஒஹையோவின் டேட்டன் நகரில் சி.எம் பங்க் அவரை 60 நிமிடங்கள் எதிர்த்து நின்றார், முடிவு சமம். ஒக்டோபரில் சிகாகோ அருகே மறுபடி 60 நிமிடங்கள், மறுபடி சமம். டிசெம்பரில் மூன்றாவது மோதலில் ஜோ வென்றார். இரண்டு மணித்தியாலம் ஒருவரையொருவர் பிழிந்த பிறகு வந்த வெற்றி அது.

அடுத்த கோடையில் பங்க் செய்தது இன்னும் தந்திரமானது. டபிள்யூ.டபிள்யூ.ஈக்கு, அதாவது பெயர் மாறிய அந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப்புக்கு, போகப்போகிறார் என்ற உண்மைச் செய்தி எல்லோருக்கும் தெரியும். கடைசி நாள், அழுது அனுப்பலாம் என்று கூட்டம் வந்தது. பங்க் பட்டத்தை வென்றார். ஒப்பந்தப் பத்திரத்தை அந்தப் பட்டிமேலேயே வைத்துக் கையெழுத்திட்டு, இதையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். விடைகொடுக்க வந்தவர்கள் காறித் துப்பும் நிலைக்கு வந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் முதலாம் திகதி நியூயோர்க்கில் ஜப்பானின் கென்டா கொபாஷி ஜோவோடு மோதினார். நெஞ்சில் விழும் வெட்டறைகளின் சத்தத்துக்காகவே அதைப் பார்க்கலாம். இரவு நேரமானால் சத்தத்தைக் குறையுங்கள். லயத்துச் சுவர்கள் மெல்லியவை, அடுத்த காம்பராவில் என்னவோ நடக்கிறது என்று ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்களுக்கு அது நடந்திருக்கிறது.

இங்கேதான் என் வாதம் நிற்கிறது. ஈ.சி.டபிள்யூ மண்டபத்துக்குள் இருந்தவனுக்காகச் செய்யப்பட்டது. அங்கே நாற்காலி எறிந்தவனுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காது. கமராவும் ஒலியும் பல இடங்களில் கல்யாண வீடியோ தரம்தான். ரிங் ஒஃப் ஒனரோ வாசலில் விற்கும் டிக்கெட்டை விட வீட்டுக்கு அனுப்பும் டிஸ்க்கை நம்பிப் பிழைத்தது. அதனால் அங்கே வராதவனும் கணக்கில் இருந்தான். போட்டி தன்னைத்தானே முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் யாரோ வாங்கிய நகலின் நகலை, கார் பற்றரியில் ஓடும் சின்னத் திரையில் பார்த்த எங்களுக்கும் சேர்த்து அது செய்யப்பட்டது என்று நினைக்கிறேன். அண்ணன் இதை ஒப்பவில்லை. "உனக்குப் புரியும்படி செய்ததால் அது பெரியதாகிவிடுமா?" என்பார்.

அவர் கையில் இன்னொரு வலுவான சீட்டும் உண்டு. "உன் கட்சி எரியவில்லை, சரி. விற்கப்பட்டது" என்பார். 2008இல் சபோல்ஸ்கியை நீக்கினார்கள். 2011இல் சின்கிளயர் என்ற ஒளிபரப்புப் பெருங்கம்பனி வாங்கியது. 2022இல் இன்னொரு மல்யுத்தக் கம்பனியின் முதலாளியான டோனி கான் கைக்குப் போனது. 2011க்குப் பிந்தியதைச் சுயாதீனம் என்று நானே சொல்லமாட்டேன், ஒப்பீட்டிலும் சேர்க்கவில்லை. ஆனால் எரிந்தவனின் பிணத்தையும் ஒருவர் வாங்கத்தான் செய்தார். 2003இல் ஈ.சி.டபிள்யூவின் பெயரும் பதிவுகளும் டபிள்யூ.டபிள்யூ.ஈ வசமாயின. 2005 ஜூனில் ஓர் இரவு எழுப்பிக் காட்டினார்கள், அருமையாக இருந்தது. 2006இலிருந்து 2010 வரை வாராவாரம் காட்டினார்கள், அதைப் பற்றி அண்ணன் முன்னால் பேசாமலிருப்பது நல்லது. உயிர்பெற்று வந்த மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான் என்பது கதை. அந்தத் தொலைக்காட்சி ஈ.சி.டபிள்யூவிலும் பழைய காதலர்களுக்கு மட்டும் ஏதோ தெரிந்தது போல.

மூன்றாவது கட்சி உண்டா என்றால் உண்டு. 2003இல் கலிபோர்னியாவில் சூப்பர் டிராகன், எக்ஸ்கலிபர் உட்பட ஆறு வீரர்களே சேர்ந்து தொடங்கிய புரோ ரெஸ்லிங் கெரில்லா. ரெசீடாவில் முன்னாள் படையினர் சங்க மண்டபம் ஒன்றில் சில நூறு பேர் முன்னால் நடத்தினார்கள். பெரிதாக வளர வேண்டும் என்ற ஆசையே இல்லாத கம்பனி. முதலாளி இல்லாததால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் தொடர்கதை குறைவு, விளையாட்டு அதிகம். புதியவனுக்கு அது பசி தீர்க்காது, முதலில் சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

ஆகவே பையனுக்குச் சொன்னது இது. ஜோவும் பங்கும் மோதிய மூன்றில் இரண்டாவதை முதலில் பார். 60 நிமிடமும் பொறுத்திருக்க முடிந்தால் முதலாவதற்குத் திரும்பிப் போ, பிறகு 2005 கோடை. சேத் ரொலின்ஸ் அங்கே டைலர் பிளெக் என்ற பெயரில் பட்டம் வென்றதையும் பிறகு தேடிக்கொள்ளலாம். பொறுக்க முடியவில்லை, கால் மணித்தியாலத்தில் கை ரிமோட்டுக்குப் போகிறது என்றால் நீ அண்ணன் கட்சி. நேரே 1994 ஓகஸ்டுக்குப் போ.

பையன் வரிசையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நான் திரும்பிய நேரத்தில் நாற்காலி மழையைத்தான் போனில் தேடி எடுத்தான். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். முடிந்ததும் பையன் கேட்டான்: "அடியில் கிடந்த இரண்டு பேருக்கும் சம்பளம் வந்ததா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர்கள் இருவரும் 1996 தொடக்கத்திலேயே வேறு கம்பனிக்குப் போய்விட்டார்கள் என்றேன். கடைசி வரை கூட நின்றவர்களுக்குத்தான் பாக்கி.