சுரங்க ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் யார்: பேராசிரியரா, மேனேஜரா, அரசு அதிகாரியா?

சுரங்கப் பாதுகாப்பு ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் ஒரு குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடலாம் என்று எங்கள் பொறியாளர் சங்கத்திடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். கடைசிப் பட்டியலில் மூன்று பேர். ஒருவர் பாறை இயந்திரவியல், அதாவது அழுத்தத்தில் பாறை எப்படி நடந்துகொள்கிறது என்ற படிப்பின் பேராசிரியர். இன்னொருவர் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் மேனேஜராக இருந்துவிட்டுப் பிறகு ஆய்வுப் பக்கம் வந்தவர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற அரசுச் செயலர். நான் மேனேஜருக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்கள் நிறைய, அதனால் மொத்தமாக இங்கே.

அரசு அதிகாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், சொல்ல அதிகம் இல்லை. கோப்பு நகரும், நிதி நேரத்துக்கு வரும், அமைச்சகத்தில் போனை எடுப்பார்கள். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் எந்த ஆய்வு தேவை, எது வெறும் காகித வேலை என்று பிரிக்க அவர் மற்றவர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும். குழுவில் உறுப்பினராக இருக்கட்டும், தலைவராக வேண்டாம் என்பது என் எண்ணம்.

உண்மையான போட்டி பேராசிரியருக்கும் மேனேஜருக்கும்தான். இதில் அறிவு, நேர்மை, மொழிவளம் எல்லாம் இரண்டு பக்கமும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: கண்டுபிடித்தது சுரங்கத்துக்குள் இறங்க எத்தனை வருடம் ஆகிறது?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆல்டாஃப்ட்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் 1886இல் வெடிப்பு நடந்தது, 22 பேர் இறந்தார்கள். அங்கே மேலாளராக இருந்த வில்லியம் கார்ஃபோர்த் ஒன்றைக் கவனித்தார். கல்தூசு படிந்திருந்த பாதைகளில் வெடிப்பு தொடராமல் அடங்கியிருந்தது. நிலக்கரித் தூசுதான் தீயைக் கடத்துகிறது, கல்தூசைக் கலந்தால் அது நின்றுவிடும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சரி, ஆனால் மற்றவர்கள் நம்ப வேண்டுமே? 1908இல் பழைய கொதிகலன்களின் கூடுகளை வரிசையாக இணைத்து நீளமான குழாய் அமைத்து, தரைக்கு மேலேயே வெடிப்பு உண்டாக்கிச் சோதித்தார்கள். பணம் கொடுத்தது சுரங்க உரிமையாளர் சங்கம். அங்கே வேதியியலாளராக வேலை பார்த்த ஆர்.வி. வீலர்தான் பிற்காலத்தில் பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வுப் பணிகளுக்கே தலைமை தாங்கினார். இவ்வளவுக்குப் பிறகும் கல்தூசு தூவுவது அங்கே கட்டாயமானது 1920இல்தான். நடுவில் 1913இல் வேல்ஸின் செங்கனித் சுரங்கத்தில் ஒரே காலையில் வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

1886இலிருந்து 1920 வரை 34 வருடம். இது மேனேஜர் ஒருவர் முன்னின்று இழுத்த கதை. அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த இடைவெளியை நானே கீழே நின்று பார்த்திருக்கிறேன். காற்றோட்டப் பொறுப்பில் இருந்தபோது, கூரை எவ்வளவு இறங்குகிறது என்று தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்றை ஓர் ஆய்வகம் எங்களிடம் கொண்டுவந்தது. நல்ல கருவி, துல்லியமாக அளக்கும். ஆனால் எங்களுடையது மீத்தேன் கசியும் சுரங்கம். தீப்பொறி உண்டாக்காது என்று சான்றிதழ் பெறாத எந்த மின்கருவியையும் அதற்குள் கொண்டுபோக முடியாது. அந்தக் கருவிக்குச் சான்றிதழ் இல்லை. அதன் கேபிளோ டப் எனும் நிலக்கரி வண்டி ஓடும் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிற மாதிரி வரைந்திருந்தார்கள், அப்புறம் அளவு எடுக்க ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம், அந்த நேரத்தில் மேற்பார்வையாளர்களான சர்தாரும் ஓவர்மேனும் ஆள் கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். கருவி ஸ்டோர் ரூமில் தங்கிவிட்டது. திட்டம் வெற்றிகரமாக முடிந்தது என்று அறிக்கை போனது, கட்டுரையும் வந்தது. அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய மேசையில், சட்டப்படி ஒரு சுரங்கத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட ஒருவர் தலைவராக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்: சான்றிதழ் வாங்கச் செலவு யாருடையது, எந்த ஷிஃப்டில் யார் அளவெடுப்பார், கருவி பழுதானால் யார் பார்ப்பார். இந்தக் கேள்விகளை எந்தப் பேராசிரியரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மேனேஜருக்கு அவை கேட்காமல் இருக்க முடியாத கேள்விகள்.

பேராசிரியர் பக்கம் பேசுபவர்கள் பாறை இயந்திரவியல் அறிஞர் மிக்லோஷ் சாலமோனைக் காட்டுவார்கள், காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1960 ஜனவரியில் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து 437 பேர் உள்ளேயே புதைந்தார்கள். கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் வரிசையாக நொறுங்கியதுதான் காரணம். அதன்பின் சாலமோனும் அவரோடு ஆய்வு செய்த மன்ரோவும் 1967இல் தூண்களின் வலிமைக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். பிறகு அங்கே சுரங்க நிறுவனங்களின் சங்கம் நடத்திய ஆய்வு நிறுவனத்துக்கே சாலமோன் தலைவரானார். ஆனால் அந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்று பாருங்கள். நிஜச் சுரங்கங்களில் நிலைத்து நின்ற 98 இடங்களையும் நொறுங்கிப்போன 27 இடங்களையும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். தூணின் அகலமும் உயரமும் தெரிந்தால் போதும், எந்தச் சுரங்க அலுவலகத்திலும் உட்கார்ந்து போட்டுவிடலாம். பேராசிரியர்களில் சாலமோன் மாதிரி ஒருவர் பட்டியலில் இருந்தால் என் பரிந்துரையை நானே மாற்றி எழுதியிருப்பேன். அவர் படித்ததும் சுரங்கப் பொறியியல்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சுரங்கம் தெரிந்தவரே தலைவராக வேண்டும் என்பதற்கு எதிராகவும் ஒரு பலமான உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கல்தூசு பற்றிய பழைய விதி, காற்று உள்ளே வரும் பாதைகளில் படிந்த தூசில் எரியாத பொருள் 65 சதவீதம் இருந்தால் போதும் என்றது. இன்றைய இயந்திரங்கள் வெட்டும் தூசு 1920களின் தூசைவிட நுண்ணியது, 80 சதவீதம் தேவை என்று தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனமான நியோஷ் காட்டியது. 2010 ஏப்ரலில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் வெடித்து 29 பேர் இறந்தார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் அவசர விதி வந்தது, 2011இல் நிரந்தரமானது. அப்போது நியோஷின் தலைவர் ஜான் ஹோவர்ட், மருத்துவமும் சட்டமும் படித்தவர், சுரங்கக்காரர் இல்லை. ஆனால் அவருக்குக் கீழே பிட்ஸ்பர்க்கில் சுரங்க ஆய்வுக்கென்றே வளர்ந்த ஒரு பெரிய பிரிவு இருந்தது. கீழே அப்படி ஓர் அணி இருந்தால் மேலே யார் இருந்தாலும் வண்டி ஓடும். நாங்கள் தலைவரைப் பரிந்துரைத்த குழுவுக்குச் சொந்த ஆய்வகமே கிடையாது.

மேனேஜரிடம் எனக்கு இருக்கும் பயத்தையும் சொல்ல வேண்டும். அவர் உரிமையாளர் பக்கம் சாய்வார். உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் ஆய்வுக்கு அவர் பணம் கொடுப்பாரா? கூரை, தீ, வெடிப்பு போன்றவற்றில் கொடுப்பார் என்று நம்புகிறேன், விபத்து நடந்தால் முதலில் மாட்டுவதே மேனேஜர்தான். நுரையீரல் நோய் அப்படி இல்லை. அது இருபது வருடம் கழித்து, ஆள் வேலையை விட்டுப்போன பிறகு வருகிறது. ஆனால் விஞ்ஞானி தலைவராக இருப்பதே இதற்குப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. சுரங்க வெடிப்பில் பலரைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு என்று 1896இல் காட்டிய ஜே.எஸ். ஹால்டேன் உடலியல் அறிஞர். சுரங்க ஆய்வகத்தை நடத்தினார், சுரங்கப் பொறியாளர் கழகத்துக்கே 1924 முதல் 1928 வரை தலைவராக இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், நிலக்கரித் தூசு நுரையீரலுக்குப் பெரிய தீங்கில்லை என்று கடைசிவரை நம்பினார். சவுத் வேல்ஸ் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கு முறையான இழப்பீடு 1943இல்தான் வந்தது, அவர் இறந்து ஏழு வருடம் கழித்து.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நிலத்தடி நிலக்கரி. தாதுவிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆய்வுக்கு வேதியியலாளர் தலைமைதான் பொருத்தமாக இருக்கலாம், அங்கே சோதனை ஆலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே தூரம் குறைவு. கோலார் தங்கவயல் மாதிரி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கங்களில் ராக் பர்ஸ்ட், அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதைப் படிக்கவும் ஆழ்ந்த விஞ்ஞானி வேண்டும், அந்த வயலில்தான் 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தொடங்கியது. தங்கவயலில் வளர்ந்த தமிழ் நண்பர்கள் சிலர் இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை. வெடிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடத்தில் மேனேஜரின் அனுபவம் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அதனால் பரிந்துரைக் கடிதத்தில் மேனேஜரின் பெயரோடு இரண்டு நிபந்தனையும் சேர்த்தேன். தென்னாப்பிரிக்காவின் 1996 சட்டப்படி அமைந்த சுரங்கச் சுகாதாரப் பாதுகாப்பு மன்றத்தில் உரிமையாளர் தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சமமான இடங்கள் உண்டு. இங்கேயும் தொழிலாளர் தரப்புக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும், பார்வையாளர் நாற்காலி போதாது. அடுத்து, தூசு சம்பந்தப்பட்ட எந்த ஆய்வையும் தொழில்நோய் மருத்துவர் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் தலைவர் நிராகரிக்கக் கூடாது. பேராசிரியரைத் தொழில்நுட்பத் துணைக் குழுவுக்குத் தலைவராகப் போடலாம் என்றும் எழுதினேன். அவரும் அதற்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார்.